நிலத்தடித் திகில் திரைப்படங்கள்: குழிக்குள் இருப்போரும் மேலே நிற்போரும்

நிலத்தடித் திகில் திரைப்படம் என்பது குகை, சுரங்கம், ஆழ்துளைக் கிணறு, புதைகுழி போன்ற நிலத்தடி இடங்களில் சிக்கிக்கொண்ட மனிதர்கள் உயிர் பிழைக்கப் போராடுவதை மையமாகக் கொண்ட திரைப்பட வகையாகும். உயிர்பிழைப்புத் திகில் படங்களின் ஒரு கிளையாக இது கருதப்படுகிறது. இவ்வகைப் படங்களில் பேயோ கொலைகாரனோ இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இருள், இடுக்கம், காற்றுக் குறைவு, நேரம் கடந்துகொண்டிருப்பது ஆகியவையே அச்சத்தை உண்டாக்கப் போதுமானவை. தமிழில் கோபி நயினாரின் ‘அறம்’ (2017), கொடைக்கானலைக் களமாகக் கொண்ட மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) ஆகியவை இவ்வகைக்கு நெருக்கமானவை. இக்கட்டுரை அவ்விரு படங்களையும் உலகப் படங்கள் சிலவற்றோடு ஒப்பிட்டு, அவற்றில் வெளிப்படும் உளவியல் கருக்களை ஆராய்கிறது.

இரு வகைப் பார்வை

ஒருவர் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்றால் அந்த நிகழ்வை இரண்டு இடங்களிலிருந்து சொல்லலாம். ஒன்று, விழுந்தவரோடு கேமராவும் உள்ளே இறங்கிவிடுவது. மற்றொன்று, மேலே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முகங்களைக் காட்டுவது. முதல் வகையில் கேட்கப்படும் கேள்வி, “இவர் தன்னைத் தாங்கிக்கொள்வாரா?” என்பது. இரண்டாம் வகையில் கேட்கப்படும் கேள்வி, “இவரை யார் தூக்கப் போகிறார்கள்?” என்பது.

முதல் கேள்வி தனிமனித உள்ளத்தைப் பற்றியது. இரண்டாவது பொறுப்பைப் பற்றியது. தென்னிந்தியாவில் வந்த குறிப்பிடத்தக்க நிலத்தடிப் படங்கள் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியையே கேட்கின்றன. அவற்றின் வலிமையும் குறைபாடும் அங்கிருந்தே பிறக்கின்றன.

உள்ளே இறங்கும் கேமரா

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நீல் மார்ஷல் இயக்கிய பிரித்தானியப் படமான ‘தி டிசென்ட்’ (2005). ஆறு பெண்கள் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் ஒரு குகைக்குள் இறங்குகின்றனர். அவர்களில் சாரா என்பவர் ஓர் ஆண்டுக்கு முன் கார் விபத்தில் கணவரையும் மகளையும் இழந்தவர். குகைக்குள் மனித வடிவ விலங்குகள் இருப்பது படத்தின் பிற்பகுதியில்தான் தெரிகிறது. ஆனால் பார்வையாளருக்கு மூச்சுத் திணறுவது அதற்கு முன்பே வரும் ஒரு காட்சியில்: சாரா ஊர்ந்து செல்லும் குறுகிய துளையில் உடல் சிக்கிக்கொள்கிறது, முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. மூடிய இட அச்சம் என்பதைச் சொல்லால் விளக்காமல் உடலால் உணரவைக்கும் காட்சி இது.

இப்படத்தில் குகை என்பது துக்கத்தின் உருவம். இழப்பைக் கடக்காதவர் மேலே வெயிலில் நடந்தாலும் உள்ளே இருட்டில்தான் இருக்கிறார். பிரித்தானியப் பதிப்பின் முடிவில் சாரா வெளியேறியதாகக் காட்டப்படுவது வெறும் மனத்தோற்றம் என்று தெரியவருகிறது. அவர் இன்னும் குகைக்குள்ளேயே இருக்கிறார், இறந்துபோன மகள் பிறந்தநாள் கேக்குடன் எதிரே இருப்பதாகக் காண்கிறார். அமெரிக்காவில் வெளியிடப்பட்டபோது இந்த இறுதிப் பகுதி நீக்கப்பட்டது. ஒரே படத்தின் இரு முடிவுகளும் இரு வேறு உளவியல் விடைகளைத் தருவதால், மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

ரோட்ரிகோ கோர்ட்டேஸ் இயக்கிய ‘பரீட்’ (2010) இதை இன்னும் கடுமையாகச் செய்கிறது. ஈராக்கில் பணியாற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் மரப்பெட்டிக்குள் உயிருடன் புதைக்கப்படுகிறார். படம் முழுவதும் கேமரா அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. கையில் உள்ள கைப்பேசியே மேலுலகத்தோடு ஒரே தொடர்பு. ஆயினும் அவரை நொறுக்குவது மண்ணின் எடை மட்டுமன்று. தொலைபேசியின் மறுமுனையில் உள்ள அலுவலகக் குரல்கள். மேலே இருப்பவர்கள் முகம் காட்டப்படாமலேயே அவர்களது அக்கறையின்மை காட்டப்படுகிறது.

இந்தியாவில் இவ்வகைக்கு முன்னோடி என யஷ் சோப்ராவின் இந்திப் படமான ‘காலா பத்தர்’ (1979) படத்தைச் சொல்லலாம். 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்த நிகழ்வை அது பின்புலமாகக் கொண்டது. அமிதாப் பச்சன் ஏற்ற நாயகப் பாத்திரம் ஒரு முன்னாள் கப்பல் தலைவன். ஆபத்து வேளையில் பயணிகளை விட்டுவிட்டுத் தப்பியவன் என்ற பழியைச் சுமப்பவன். சுரங்கத்தின் இருட்டில் அவன் தேடுவது கூலியை மட்டுமன்று, தண்டனையையும்தான். வெள்ளம் புகும்போது அவன் ஓடாமல் நிற்கிறான். ‘தி டிசென்ட்’ படத்துக்குத் துக்கம் எப்படியோ, ‘காலா பத்தர்’ படத்துக்குக் குற்றவுணர்வு அப்படி.

மேலே நிற்கும் கேமரா

இரண்டாம் வகைக்கு முன்மாதிரி, பில்லி வைல்டர் இயக்கிய ‘ஏஸ் இன் த ஹோல்’ (1951). குகையில் ஒருவர் சிக்கிக்கொள்கிறார். செய்தியாளர் ஒருவர் (கிர்க் டக்ளஸ்) அச்செய்தியைப் பல நாள்கள் நீட்டிக்க விரும்பி, விரைவில் முடியக்கூடிய மீட்பு வழியைத் தவிர்த்து, தாமதமாகும் வழியைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறார். குகைக்கு மேலே கூட்டம் சேர்கிறது, கடைகள் முளைக்கின்றன, அது திருவிழாவாகிறது. உள்ளே இருப்பவர் சாகிறார். இப்படத்தில் திகில் குகைக்குள் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இருக்கிறது.

மலையாளத்தில் பரதன் இயக்கிய ‘மாலூட்டி’ (1990) ஆழ்துளைக் குழிக்குள் விழுந்த சிறுமியைப் பற்றியது. பேபி ஷாமிலி சிறுமியாகவும், ஜெயராமும் ஊர்வசியும் பெற்றோராகவும் நடித்தனர். தமிழில் ‘அறம்’ வருவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே அதே கருவைத் தொட்ட படம் இது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ‘மாலூட்டி’ ஒரு குடும்பத்தின் பதைப்பைச் சொல்கிறது. ‘அறம்’ ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்கிறது.

அறம் (2017)

2017 நவம்பர் 10 அன்று வெளியான ‘அறம்’ கோபி நயினாரின் முதல் படம். நயன்தாரா மாவட்ட ஆட்சியர் மதிவதனியாக நடித்தார். ஜிப்ரான் இசையமைத்தார். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் தன்ஷிகா என்ற சிறுமி விழுந்துவிடுகிறாள். அருகில் ஏவுதளத்தில் விண்கலம் ஏவப்படக் காத்திருக்கிறது. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இப்படத்தின் களத்தைப் புரிந்துகொள்ள அம்மாவட்டத்தின் நிலவியலையும் அறிந்திருக்க வேண்டும். ஆவடி, பூந்தமல்லி ஆகியவை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூரும் படம் வெளியானபோது அம்மாவட்டத்திலேயே இருந்தது, 2018-இல்தான் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. மீஞ்சூர், தாமரைப்பாக்கம், பூண்டி ஆகிய இடங்களின் கிணற்று வயல்களிலிருந்து பல்லாண்டுகளாகச் சென்னைக்குக் குடிநீர் எடுக்கப்பட்டது. அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்தது. புறநகர் மனைப்பிரிவுகளில் கோடையில் ஒரு போர் வற்றினால் இன்னொன்று போடுவது வழக்கம். வற்றிய துளை என்ன ஆகிறது என்று கேட்பவர் குறைவு. ஆகவே ‘அறம்’ காட்டும் குழி இயற்கையின் குகை அன்று. அது தாகத்தால் தோண்டப்பட்டு, தண்ணீர் கிடைக்காததால் கைவிடப்பட்ட குழி. மேற்கத்தியக் குகைப் படங்களுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே: அங்கே மனிதர் குழியைத் தேடிப் போகிறார், இங்கே குழி மனிதர் நடமாடும் இடத்தில் வாய் திறந்து கிடக்கிறது.

படத்தின் சிறந்த முடிவு அதன் சட்டகத்தில் உள்ளது. மீட்பு நிகழ்வு முழுவதும், பின்னர் நடக்கும் ஒரு விசாரணையில் மதிவதனி சொல்லும் விடையாகவே விரிகிறது. திகில் படத்துக்கு இது ஆபத்தான உத்தி, பரபரப்பைக் குறைத்துவிடக்கூடும். ஆனால் இயக்குநர் அதை வேறு பயனுக்குக் கொண்டுசெல்கிறார். “குழந்தை பிழைக்குமா?” என்ற கேள்வியோடு “இதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்?” என்ற கேள்வியும் முதலிலிருந்தே ஓடுகிறது. விசாரிக்கப்படுபவர் குழியை மூடாதவர் அல்லர், குழந்தையைத் தூக்க முயன்றவர் என்பது படத்தின் கசப்பான நகைமுரண்.

உளவியல் நோக்கில் படத்தின் உச்சம், எல்லா முயற்சிகளும் தோற்றபின் சிறுமியின் அண்ணனையே குழிக்குள் தலைகீழாக இறக்க முடிவெடுக்கும் இடம். ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையை அதே அச்சத்துக்குள் அனுப்பலாமா? பெற்றோர் ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் குழிக்குக் கொடுத்தவர்கள். இரண்டாம் பிள்ளையையும் கயிற்றில் கட்டிக் கொடுக்கும் நிலையில் அவர்கள் முகங்களில் தெரிவது துணிவு அன்று, வேறு வழியின்மை. மதிவதனியின் கலக்கமும் இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. அதிகாரம் கையில் இருந்தும் கருவி கையில் இல்லாத ஒருவரின் தவிப்பு அது.

படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் தொலைக்காட்சி விவாதங்கள் மீண்டும் சொல்கின்றன. விண்கலத்தையும் வறண்ட குடத்தையும் அருகருகே காட்டிய பின் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. இறுதியில் சிறுமி மீட்கப்படுகிறாள். ஆட்சியர் பதவியைத் துறந்து அரசியலை நோக்கிச் செல்கிறார். இதனால் ஒரு நிருவாகத் தவறுக்கான விடை ஒரு தனிமனிதரின் தியாகமாகச் சுருங்கிவிடுகிறது. பார்வையாளர் நிம்மதியோடு அரங்கை விட்டு எழுகிறார். திறந்த குழிகள் திறந்தபடியே இருக்கின்றன.

இது வெறும் கலைக் குறை அன்று. 2010-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகள் பற்றி வழிகாட்டு நெறிகளை வகுத்துவிட்டது. தோண்டுவதற்கு 15 நாள்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவித்தல், தோண்டும் நிறுவனம் பதிவு பெற்றிருத்தல், வேலி அமைத்தல், அறிவிப்புப் பலகை வைத்தல், குழாயின் வாயை மூடுதல், கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து மேல்மட்டம்வரை நிரப்புதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆயினும் படம் வெளியாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 25 அன்று, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளி நாளையும் கடந்து மீட்புப் பணி தொடர்ந்தது. தொலைக்காட்சிகள் இடைவிடாது நேரலையில் காட்டின. அக்டோபர் 29 அதிகாலையில் உடல்தான் மீட்கப்பட்டது. அந்நாள்களில் தமிழகம் முழுவதும் குழியின் விளிம்பில் நின்றது. ‘அறம்’ தந்த ஆறுதலான முடிவும், ‘ஏஸ் இன் த ஹோல்’ தந்த ஆறுதலற்ற முடிவும் அப்போது ஒருசேர நினைவுக்கு வந்திருக்க வேண்டியவை.

குணா குகை: அடைக்கலமும் அச்சமும்

கொடைக்கானலில் ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று அழைக்கப்பட்ட குகைப் பகுதி, சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ (1991) படத்துக்குப் பிறகு ‘குணா குகை’ என்றே வழங்கலாயிற்று. அப்படத்தில் குகை ஓர் அடைக்கலம். மனநலம் குன்றிய நாயகன், தான் அபிராமியாகக் கருதும் பெண்ணை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைக்கும் இடம் அது. அவனுக்கு அது கருவறை போன்றது. கடத்திவரப்பட்ட பெண்ணுக்கோ தொடக்கத்தில் அது சிறை. ஒரே குகை இருவர் மனத்தில் இரண்டாக இருப்பதே படத்தின் உளவியல் நுட்பம்.

சிதம்பரம் இயக்கி 2024 பிப்ரவரி 22 அன்று வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அதே குகைக்கு மீண்டும் செல்கிறது. 2006-இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்குள்ள ஆழ்ந்த பிளவுக்குள் விழுந்து மீட்கப்பட்ட உண்மை நிகழ்வே கதை. ஸ்ரீநாத் பாசி சுபாஷாகவும், சௌபின் ஷாஹிர் குட்டனாகவும் நடித்தனர். ஷைஜு காலித் ஒளிப்பதிவும் சுஷின் ஷியாம் இசையும் அமைந்த இப்படம், மலையாளத்திலேயே தமிழக அரங்குகளில் பெருவெற்றி பெற்றது.

‘அறம்’ முழுவதும் மேலே நிற்கிறது. ‘பரீட்’ முழுவதும் உள்ளே கிடக்கிறது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டுகிறது. சுபாஷ் விழுந்த கணத்தில் நண்பர்கள் அதை விளையாட்டென்று நினைக்கின்றனர். பிறகு அவன் பெயரைக் கத்தி அழைக்கின்றனர். குழி எதிரொலியை மட்டும் திருப்பித் தருகிறது. பதில் வராத அந்த நேரம்தான் படத்தின் மிகக் கொடிய பகுதி. மழை கொட்டும்போது வெள்ளம் குழிக்குள் இறங்காதவாறு நண்பர்கள் தம் உடல்களையே தரையில் கிடத்தி மறிக்கின்றனர். செயலற்று நிற்பவரின் தவிப்பு ஒரு செயலாக மாறும் இடம் அது.

மேலே நிற்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் படம் காட்டுகிறது. உதவி கேட்டுப் போன நண்பர்களைக் காவல் நிலையத்தில் சந்தேகப்பட்டு அடிக்கின்றனர். விழுந்தவர் யாரும் மீண்டதில்லை என்ற நம்பிக்கை ஊரில் ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கையே மீட்பைத் தாமதப்படுத்தும் இரண்டாவது குழி. ‘பரீட்’ படத்தின் அலுவலகக் குரல், ‘அறம்’ படத்தின் விசாரணை, இப்படத்தின் காவல் நிலையம் ஆகிய மூன்றும் ஒரே உண்மையின் மூன்று வடிவங்கள். ஐஸ் அறைக்குள் பூட்டப்பட்ட பெண்ணைப் பற்றிய ‘அன்பிற்கினியாள்’ (2021) படத்திலும் மகளைத் தேடும் தந்தை காவல் நிலையத்தில் இதே அலட்சியத்தைச் சந்திக்கிறார்.

உளவியல் நோக்கில் இப்படம் ‘அறம்’ படத்தை விட ஓர் அடி முன்னே செல்வது, மீட்புக்குப் பிந்தைய பகுதியில். சுபாஷ் ஊர் திரும்பியபின்னும் குழி அவனை விடுவதில்லை, இரவில் அஞ்சுகிறான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் என்று உளவியல் குறிப்பிடுவதைப் படம் எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் காட்டுகிறது. நண்பர்கள் மீது வீட்டார் கொண்ட கோபமும், குட்டன் உயிரைப் பணயம் வைத்து இறங்கியது தெரியவந்தபின் அக்கோபம் கரைவதும் மீட்பின் இறுதிக் கட்டமாகவே அமைகின்றன. உடலைத் தூக்கச் சில மணி நேரம் போதும். மனத்தைத் தூக்க அது போதாது.

இப்படத்துக்கும் ஒரு குறை உண்டு. கயிறு இழுக்கும் போட்டியைத் தொடக்கத்தில் காட்டி, அதே வலிமையை மீட்பில் பயன்படுத்துவது திரைக்கதைக்கு அழகு சேர்க்கிறது. ஆனால் மீட்பின் உச்சத்தில் ‘குணா’ படத்தின் பாடல் ஒலிக்கும்போது, அச்சம் முழுவதும் கொண்டாட்டமாகிவிடுகிறது. தடுப்பைத் தாண்டிச் சென்ற தவற்றை அந்த ஆரவாரம் மறக்கச் செய்துவிடுகிறது.

ஒளியும் ஒலியும்

நிலத்தடிப் படங்களில் ஒளிப்பதிவு என்பது மனநிலைப் பதிவு. ‘தி டிசென்ட்’ படத்தில் தலைவிளக்கு, சிவப்புத் தீப்பந்தம், பச்சை ஒளிக்குச்சி என ஒளி மூலம் மாற மாற, பாத்திரங்களின் நம்பிக்கையும் மாறுகிறது. ‘பரீட்’ படத்தில் சிகரெட் லைட்டரின் சுடர் அணையும் ஒவ்வொரு முறையும் காற்று குறைவதாகப் பார்வையாளரின் உடல் உணர்கிறது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் மேலிருந்து விழும் மெல்லிய பகல் வெளிச்சமே நம்பிக்கையின் அளவு. இதற்கு மாறாக ‘அறம்’ பெரும்பாலும் கடும் வெயிலில் நடக்கிறது. திகில் பட்டப்பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் நடக்கிறது என்பதே அதன் தனித்தன்மை.

மதிப்பீடு

குகை என்பது ஆழ்மனத்தின் உருவகம் என்று கூறி நிலத்தடிப் படங்களை விளக்குவது வழக்கம். ‘தி டிசென்ட்’, ‘காலா பத்தர்’, ‘குணா’ ஆகியவற்றுக்கு அவ்விளக்கம் பொருந்தும். ‘அறம்’ படத்துக்கு அது பொருந்தாது. அங்கே குழியைத் தோண்டியவர் உண்டு, மூடாமல் விட்டவர் உண்டு, மூடச் சொல்லும் நெறிமுறையும் உண்டு. அதை உருவகமாக்கினால் பொறுப்பு மறைந்துபோகும். உளவியல் திறனாய்வு செய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

‘அறம்’ பொறுப்பு யாருடையது என்று கேட்கிறது. ஆனால் மீண்ட குழந்தையின் மனத்துக்குள் செல்லவில்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மீண்டவனின் மனத்துக்குள் செல்கிறது. ஆனால் பொறுப்பைப் பற்றிய கேள்வியை நட்பின் பெருமைக்குள் கரைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் தமிழ்ப் படம் இனிமேல்தான் வர வேண்டும். அதுவரை, ‘அறம்’ படத்தைப் பார்த்து முடித்த மாணவர் ஒருவர் தம் தெருவில் மூடியில்லாமல் நிற்கும் போர்க் குழாயைக் கண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுப்பாரானால், அப்படம் தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம்.